கோல்ஃப், கேடி, கொஞ்சம் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டது கிடையாது. சங்கரன்கோவிலில் தொட்டவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், டீ வாங்கித் தருகிறேன். நாங்கள் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததெல்லாம் சினிமாவில்தான். வில்லன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார், பின்னால் சஃபாரி சூட்டில் நாலு அடியாட்கள். பந்தை அடித்துவிட்டு அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டே "அவனை முடிச்சிடு" என்பார். ஆக, கோல்ஃப் என்றால் பணக்காரன், பணக்காரன் என்றால் வில்லன். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

அப்புறம் ஒரு பெயர் கண்ணில் பட்டது. சிவசங்கர் பிரசாத் சௌராசியா. சுருக்கமாக எஸ்.எஸ்.பி. சௌராசியா. பேரிலேயே எங்கள் ஊர் சாமி இருக்கிறாரே, யாருப்பா இவர் என்று தேடப் போய், அவருடைய கதையை முழுசாகப் படித்துவிட்டேன். படித்து முடித்ததும், "கோல்ஃப் பணக்கார விளையாட்டு" என்று சொல்கிறவர்களும் பாதி தப்பு, "ஏழை உழைத்து முன்னேறினார்" என்று சிலிர்க்கிறவர்களும் பாதி தப்பு என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் பி.காம். வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சௌராசியா 1978ல் கொல்கத்தாவில் பிறந்தவர். அங்கே ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் என்று ஒன்று இருக்கிறது. 1829ல் ஆரம்பித்தது. பிரிட்டனுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் அதுதான். அதில் சௌராசியாவின் அப்பா உறுப்பினர் இல்லை. புல்லைப் பராமரிக்கிற ஊழியர். புல்லை ஒட்ட வெட்டி, தண்ணீர் விட்டு, அந்தப் பச்சைக் கம்பளத்தைக் கெடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. பையன் அந்த மைதானத்திலேயே, கோச் யாரும் இல்லாமல், பார்த்துப் பார்த்துத் தானாக ஆடக் கற்றுக்கொண்டான். 1997ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

இதுவரை படித்ததும் "ஆஹா, புல் வெட்டுபவர் மகன்!" என்று கண் கலங்கத் தயாராகிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். அதே புல் வெட்டுபவர் சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்தால்? பையனுக்கு எவ்வளவு திறமை இருந்திருந்தாலும் அது கோல்ஃப் திறமை என்று யாருக்கும், அவனுக்கே கூட, தெரிந்திருக்காது. அப்பாவின் சம்பளத்தை விட அப்பா வேலை பார்த்த இடம்தான் அந்தப் பையனுக்குப் பெரிய சொத்து. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அசெட் பக்கம் எழுத முடியாத சொத்து. கேட்டுக்குள் போகிற அனுமதி.

இதை நான் சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியன் ஓப்பன் என்று ஒரு போட்டி 1964ல் இருந்து நடக்கிறது. நம் நாட்டின் பெரிய கோல்ஃப் போட்டி. முதல் வருஷம் ஜெயித்தது ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். 1965ல் பி.ஜி. சேத்தி என்ற இந்தியர் ஜெயித்தார், ஆனால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு இந்தியர் கோப்பையைத் தொட 1991 வரை ஆனது. அந்த 1991ல் இருந்து 2025 வரை இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மொத்தம் 12 தடவை ஜெயித்திருக்கிறார்கள். யார் யார் என்று பாருங்கள்.

அலி ஷேர், 1991லும் 1993லும். டெல்லியில் கேடியாக இருந்தவர். (கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்குமே அந்தக் கேடி இல்லை. ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எவ்வளவு தூரம், எந்த மட்டை என்று சொல்கிறவர்.) ஃபிரோஸ் அலி, 1998. கொல்கத்தா, கேடி. விஜய் குமார், 2002. லக்னோ, கேடி. சி. முனியப்பா, 2009. பெங்களூரு, கேடி. நம் சௌராசியா, 2016, 2017. ஏழு ஆயிற்றா?

மீதி ஐந்து. ஜோதி ரந்தாவா மூன்று தடவை (2000, 2006, 2007), அனிர்பன் லாஹிரி 2015ல் ஒரு தடவை. ரந்தாவா ராணுவ அதிகாரியின் மகன். லாஹிரி ராணுவ டாக்டரின் மகன். இந்திய ராணுவத்தின் கன்டோன்மென்ட்டுகள் பலவற்றில் கோல்ஃப் மைதானம் உண்டு என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒன்று 1999ல் அர்ஜுன் அத்வால். அவர் ஒருவர்தான் வசதியான தொழில் குடும்பத்துப் பையன்.

பன்னிரண்டில் ஏழு கிளப்பின் பின்வாசல், நான்கு ராணுவக் குடியிருப்பு, ஒன்றே ஒன்று பணக்கார வீடு. இதைப் பார்த்தபிறகு கோல்ஃப் பணக்கார விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? பணக்காரர்களின் இடத்தில் நடக்கிற விளையாட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜெயித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு பொது அம்சம்தான். சின்ன வயதிலேயே, காசு கட்டாமல், புல்லில் கால் வைக்க முடிந்தது.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. பங்களாதேஷின் சித்திக்கூர் ரஹ்மான் டாக்காவின் குர்மிடோலா கிளப்பில் பந்து பொறுக்குகிற பையனாக இருந்தவர். 2013 இந்தியன் ஓப்பனை ஜெயித்தார், 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் தன் நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். பிலிப்பைன்ஸின் ஃபிராங்கி மினோசா, புகிட்னான் மாகாணத்தில் டெல் மான்ட்டே கம்பெனியின் அன்னாசித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த மைதானத்தில் கேடி. ஜப்பான் வரைக்கும் போய் ஜெயித்தார். கம்பெனி தன் அதிகாரிகள் விளையாட என்று மைதானம் போட்டது. அதில் உருவானது பை தூக்கிய பையன்.

ரொம்ப தூரம் போக வேண்டாம், கோவில்பட்டிக்கு வாருங்கள். எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். தீப்பெட்டி, கடலைமிட்டாய், அப்புறம் ஹாக்கி. அந்தக் கரிசல் பூமியில் ஹாக்கி எங்கிருந்து வந்தது? அங்கே மைதானம் இருந்தது, தலைமுறை தலைமுறையாக டோர்னமென்ட் நடந்தது, வேடிக்கை பார்த்த பையன்கள் மட்டையைப் பிடித்தார்கள். அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022ல் இந்திய அணிக்கே ஆடினார். சங்கரன்கோவில் பையனுக்கும் கோவில்பட்டி பையனுக்கும் ரத்தத்தில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. மைதானம் அங்கே இருந்தது, இங்கே இல்லை.

சரி, உள்ளே போயாயிற்று. அதற்கப்புறம் வாழ்க்கை எப்படி? இங்கேதான் கணக்கு வருகிறது.

கோல்ஃப் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கிரிக்கெட் மாதிரி போர்டு காண்ட்ராக்ட் கிடையாது. அவர் ஒரு சோல் டிரேடர், தனி ஆள் வியாபாரம். ஒரு போட்டி நான்கு நாள், நாளுக்கு 18 குழி. மொத்தமாக யார் குறைவான அடியில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். ஆனால் முதல் இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். 'கட்' என்று பெயர். ஆரம்பித்த நூற்று ஐம்பது பேரில் சுமார் 65 பேர் கோட்டுக்கு மேலே. மற்றவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான், கையில் ஒரு பைசா வராது. ஆனால் விமான டிக்கெட், ஓட்டல் ரூம், சாப்பாடு, கேடிக்குக் கூலி எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. எங்கள் ஊர் மொழியில் சொன்னால், இரண்டு நாள் தறி ஓட்டி, கரண்ட் பில்லும் கட்டி, அப்புறம் "உன் துணி முதல் அறுபத்தைந்தில் வரவில்லை, கூலி கிடையாது" என்றால் எப்படி இருக்கும்? அதுதான்.

பரிசைப் பிரிக்கிற விதமும் அப்படித்தான். ஐரோப்பிய டூர் போட்டிகளில் மொத்தப் பரிசில் சுமார் ஆறில் ஒரு பங்கு முதல் ஆளுக்கே போய்விடும். கீழே போகப் போகச் சரசரவென்று இறங்கும். எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளைக்கு முந்தின தினம் மல்லி கிலோ ஆயிரங்களில் போகும், அடுத்த வாரமே நூறுகளுக்கு வந்து நிற்கும். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் மட்டும் இரண்டு நாளும் ஒன்றுதான். கோல்ஃப் வருமானம் அந்த மல்லி மாதிரி. முகூர்த்த நாள் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

சௌராசியாவின் முகூர்த்தம் 2008 பிப்ரவரியில் வந்தது. தொழில்முறை ஆகிப் பதினோரு வருஷம் கழித்து. டெல்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ். இந்திய மண்ணில் நடந்த முதல் ஐரோப்பிய டூர் போட்டி. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். வெளிநாட்டுப் பெரிய தலைகள் நிறைய வந்திருந்தார்கள். அதில் அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை இரண்டு அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி சௌராசியா ஜெயித்தார். ஆறில் ஒரு பங்கு என்றால் நாலு லட்சம் டாலருக்கு மேல், அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். பணத்தை விடப் பெரியது அதோடு வந்த இன்னொன்று, ஐரோப்பிய டூரில் ஆடுகிற உரிமை. மறுபடியும் ஒரு கேட் திறந்தது, அவ்வளவுதான்.

அவர் ஜெயித்த விதமும் சுவாரஸ்யம். பந்தை ரொம்பத் தூரம் அடிக்கிறவர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு மெதுவாகத் தூக்கிப் போடுவதற்கு 'சிப்' என்று பெயர், தரையோடு தரையாக உருட்டிக் குழியில் விடுவதற்கு 'பட்' என்று பெயர். இரண்டிலும் மனிதர் கில்லாடி. சக ஆட்டக்காரர்கள் சௌராசியா என்ற பெயரையே திருகி 'சிப்புட்சியா' என்று ஆக்கிவிட்டார்கள். டெல்லி கோல்ஃப் கிளப் மைதானமும் அதற்குத் தோது. லோடி காலத்துச் சமாதிகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் புதர் அடர்ந்த குறுகலான பாதை. வேகமாக அடித்தால் பந்து புதருக்குள் போய்ப் பாம்போடு குடித்தனம் நடத்தும். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், புல் பார்ப்பவர் வீட்டில் வளர்ந்தவனுக்குப் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலையில் எப்படி ஓடும், சாயங்காலம் எப்படி ஓடும் என்பதெல்லாம் பாடமாக இல்லாமல் பழக்கமாகவே வந்திருக்கும். இது என் ஊகம்தான், கோல்ஃப் தெரிந்தவர்கள் அடிக்க வராதீர்கள்.

2008க்குப் பிறகு 2011ல் அவந்தா மாஸ்டர்ஸ், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில். 2014ல் பானாசோனிக் ஓப்பன். ஆனால் இந்தியன் ஓப்பன் மட்டும் கையில் மாட்டவே இல்லை. 1999ல் இரண்டாம் இடம். 2006ல் சமன் ஆகி, கூடுதல் குழி ஆடும் 'ப்ளே-ஆஃப்'பில் ரந்தாவாவிடம் தோல்வி. 2013ல் சித்திக்கூரிடம் ஒரு அடியில் தோல்வி. 2015தான் உச்சம். கடைசி நாள் காலையில் லாஹிரி ஏழு அடி பின்னால் இருந்தார். சாயங்காலம் இருவரும் சமம். மறுபடியும் ப்ளே-ஆஃப், மறுபடியும் தோல்வி. நாமாக இருந்தால் மட்டையைத் தாமிரபரணியில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்போம்.

2016ல் அதே டெல்லியில், அதே லாஹிரி இரண்டாம் இடத்தில் நிற்க, இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பை இவருக்கு. முதல் தடவை இரண்டாம் இடம் வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ். 112 வருஷத்துக்குப் பிறகு கோல்ஃப் ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பியது, இந்தியாவில் இருந்து போன இரண்டு ஆண்களில் ஒருவர் இவர். நவம்பரில் மணிலா மாஸ்டர்ஸையும் ஜெயித்தார். 2017ல் இந்தியன் ஓப்பன் குர்கான் டி.எல்.எஃப். மைதானத்துக்கு மாறியது. கேரி பிளேயர் வடிவமைத்த, ஆளைக் கொல்கிற மைதானம். நீளமாக அடிக்காதவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். இவர் 10 அண்டர், அடுத்து வந்த மலேசியாவின் கேவின் கிரீன் 3 அண்டர். ஏழு அடி வித்தியாசம்! அந்த வருஷம் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இதோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல தன்னம்பிக்கைக் கட்டுரை. நான் நிறுத்தப் போவதில்லை, ஏனென்றால் அதற்கடுத்த பக்கம்தான் எனக்குக் கவலை. 2018, 2019, 2023, 2024, 2025. இந்த ஐந்து இந்தியன் ஓப்பனில் ஒன்றில் கூட இந்தியர் ஜெயிக்கவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் தரம் கூடியது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்வாசல் மூடிக்கொண்டே வருகிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கட்சி. புதிதாக வருகிற மைதானங்கள் பல, சொகுசு வீட்டு மனைகளோடும் ரிசார்ட்டுகளோடும் சேர்த்து விற்கப்படுபவை. பையைச் சுமக்க பேட்டரி வண்டி வந்துவிட்டது. ஊழியர் குடியிருப்பு மைதானத்துக்குள்ளேயே இருந்த காலம் வேறு. இப்போது புல் வெட்டுகிறவர் காண்ட்ராக்டர் வேனில் வந்து காண்ட்ராக்டர் வேனில் போகிறவர் என்றால், அவர் மகன் எங்கே நின்று வேடிக்கை பார்ப்பான்?

இதற்கு அகாடமி, ஸ்காலர்ஷிப் என்று பதில் வரும். நல்லதுதான். ஆனால் ஸ்காலர்ஷிப் என்பது ஏற்கெனவே ஆடுகிற பிள்ளைக்கு. ஆடத் தெரியும் என்று தெரிவதற்கே முதலில் உள்ளே போக வேண்டுமே. அதிதி அசோக் கதை தெரியும்தானே? பெங்களூருவில் மைதானத்தை ஒட்டிய இடத்தில் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது, ஐந்து வயதில் எட்டிப் பார்த்து "அது என்ன?" என்று கேட்ட குழந்தை. வீட்டில் யாரும் அதுவரை கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை. ரியோவில் அப்பாவே கேடி, டோக்கியோவில் அம்மா கேடி, நான்காம் இடம் வந்து பதக்கம் மயிரிழையில் போனது. கண்ணில் பட்டது, கால் வைக்க முடிந்தது. அவ்வளவுதான் முதல் தேவை.

இதில் வேடிக்கை, இந்த ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பொது மைதானம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையே நிறுத்திவிட்டு ஊர்க்காரர்கள் நாயோடு நடந்து போகிறார்கள். மதில் சுவரும் மெம்பர்ஷிப்பும் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து போட்டது, நாம் அதைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றுகிறோம். நம் நாட்டிலேயே டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் குதுப் கோல்ஃப் கோர்ஸ் என்று ஒன்று நடத்துகிறது. மெம்பராக இல்லாவிட்டாலும் கட்டணம் கட்டி ஆடலாம், நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம்.

தமிழ்நாட்டில் கோல்ஃப் இல்லாமல் இல்லை. கிண்டியில், நந்தனத்தில், கோயம்புத்தூரில், ஊட்டியில், வெலிங்டனில், கொடைக்கானலில் எல்லாம் இருக்கிறது, சில நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. ஆனால் மேலே போட்ட பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கூட இல்லை. பக்கத்து பெங்களூருவில் இருந்து ஒரு முனியப்பா வர முடிந்தது. கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையை அரசு 2024ல் ரத்து செய்தபோது, அதற்குள் இருக்கிற கோல்ஃப் மைதானத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. "இத்தனை நிலம், இத்தனை தண்ணீர், நாலு பணக்காரர்களுக்கா?" என்ற கேள்வியில் எனக்கு முழு உடன்பாடு. குளம் நிரம்புகிறதா என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரன் நான், புல்லுக்குத் தண்ணீர் என்றால் எனக்கும் வயிறு எரியும். பொதுத் தேவைக்கு நிலம் வேண்டுமென்றால் எடுக்கட்டும். எங்கே மைதானம் இருந்தே தீரும் என்று முடிவாகிறதோ, அங்கே குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரி கூட எழுதுங்கள் என்கிறேன். ஒன்று, சுத்திகரித்த கழிவுநீர் மட்டும். இரண்டு, வாரத்தில் ஒரு நாள் கேடிகளும் ஊழியர்களும் அவர்கள் பிள்ளைகளும், பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களும் காசில்லாமல் ஆடலாம். அரசு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கியிருக்கிற கிளப்புக்கு இதனால் என்ன நஷ்டம் வந்துவிடும்? திங்கட்கிழமை காலையில் மெம்பர்கள் எல்லாரும் ஆபீஸில்தானே இருப்பார்கள். :-)

டிஸ்கி: இதைத் தட்டிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த அம்மா, "கேடி கேடின்னு எழுதிட்டிருக்கியே, யாருடா அவன், உன் கிளாஸ்ல படிக்கிறவனா?" என்று கேட்டார்கள். அதனால்தான் மேலே அடைப்புக்குறிக்குள் அந்த விளக்கம்.